பொன்காளியம்மன் நெற்றியில்

ஆர்.எஸ்.புரத்தில் பழைய கார் புரோக்கர் தனபால் வீட்டு வாசல். சிவப்பு சியலோ கார் வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது. உள்ளே என் மகன் நவநீதன் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடுகிறான். நான் பக்கத்து இருக்கையில் ஏறி உட்காருகிறேன். தனபால் ஜன்னலில் குனிகிறார். "அடிபடாத வண்டிங்க அம்மணி. தம்பி மிதிச்சா அம்பாட்டம் போவும். பெயின்ட்டு, சீட்டு எல்லாம் புதுசுங்க. சாமி படத்தை மட்டும் எடுக்க மனசு வரலீங்க."

டேஷ்போர்டில் எங்கள் குலதெய்வம் பொன்காளியம்மன். நெற்றியில் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு, ஓரம் சுருண்டிருக்கிறது. குங்குமம் தீர்ந்துபோன ஒரு வெள்ளிக்கிழமை, என் நெற்றியிலிருந்து எடுத்து நான்தான் அதை அங்கே ஒட்டினேன். அப்போது வண்டி வெள்ளை. விபத்தில் என் கணவர் இறந்த பிறகு, வலப்பக்கம் நசுங்கிய அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம்.

"ஒரு ரவுண்டு போலாமுங்களாம்மா?" நவநீதன் சிரித்தபடி கியரைப் போடுகிறான். நான் கை நீட்டிச் சாவியைத் திருப்புகிறேன். உறுமல் நிற்கிறது.

"எறங்கு கண்ணு. இது அப்பா வண்டி."