நோவுதா மக்ளே

பஞ்சு, ஓடிகோலன் சென்ட் குப்பி, சீப்பு, வெள்ளை நூல், சேப்டி பின். சுசீலாபாய் பையைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு மூடினாள். எத்தனையோ பேருக்குக் கடைசிச் சேலை உடுத்தக் கூடவே போன பை அது.

வாசலில் ஆட்டோவை அணைக்காமலே நின்றான் ஆன்சன்.

“மாமி, ஒண்ணு வேகம் வாங்க. அப்பா கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு.”

“யாருக்கு மக்ளே?”

“ஷிபாவுக்குத்தான்.” அவன் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. மேற்கொண்டு கேட்பதற்குள் அவன் போன் அடித்தது. “தா, வந்தாச்சு” என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

ஷிபா அவனுடைய தங்கை. இன்று காலை வேதக்கோயிலில் கல்யாணம் ஆகவேண்டிய பெண்.

சபையில் எந்தப் பெண் கண்ணை மூடினாலும் சுசீலாபாயைத்தான் தேடி வருவார்கள். குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, தலை சீவி, பெட்டியில் வைக்கிற வரைக்கும் எல்லாம் அவள் பொறுப்பு. மற்றபடி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. பெண்கள் சங்க ஆண்டு விழாவில் பாயசம் கிளறியவளுக்குக்கூட மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். இவள் ஞாபகம் மட்டும் ஒருத்தருக்கும் வரவில்லை.

ஞானஸ்நான வீட்டுக்குப் போனால் குழந்தையை எல்லார் மடிக்கும் மாற்றுவார்கள், இவளிடம் வரும்போது குழந்தைக்குச் சரியாகப் பசியெடுத்துவிடும். அவளும் கொடுங்கள் என்று கேட்டதில்லை. தன் கைக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று எப்போதோ முடிவுகட்டிவிட்டாள்.

விழிஞ்ஞம் துறைமுக ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ புகுந்து போனது. சுசீலாபாய்க்கு ரோடு தெரியவில்லை. ஷிபாவின் கண்கள்தான் தெரிந்தன.

அந்தக் கண்கள் அவளைத் துரத்தத் தொடங்கிப் பல வருஷமாகிவிட்டது. ஷிபாவின் அம்மை இறந்த அன்று உள்ளறையில் இவள் உடுத்திக்கொண்டிருந்தபோது, கதவோரம் அந்தச் சின்னப் பிள்ளை வந்து நின்றது. அழவில்லை. இமைக்காமல் இவள் கைகளையே பார்த்தது.

இறந்தவர்களோடு பேசிக்கொண்டே உடுத்துவது சுசீலாபாயின் பழக்கம். பேசாமல் தொட்டால் பாவம், திடுக்கிட்டுப் போவார்களே என்று அவளுக்குத் தோன்றும். அன்றைக்கும் தலைமுடியில் சிக்கெடுத்தபடி, “நோவுதா மக்ளே?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். கதவோரம் அந்தக் கண்கள்!

அதற்குப் பிறகு கோயிலில் எந்தத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் அந்தப் பார்வை தேடி வந்து மேலே விழும். அம்மையைக் கொண்டுபோனவள் என்றுதான் பிள்ளை தன்னைப் பார்க்கிறது என்று நினைத்துக் குறுகிப்போவாள். கனவிலும் அந்தக் கதவு திறந்தே கிடந்தது.

கல்யாணப் பத்திரிகை வந்தபோதுகூட, நல்ல நாளில் அவள் கண்ணில் படக் கூடாது, வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். கடைசியில் அந்தப் பிள்ளைக்கே உடுத்துகிற நாளும் வந்துவிட்டது.

“கர்த்தாவே, இந்த ஒரு பிள்ளையை மட்டும் என் கையில தராதேயும்” என்று வாய்விட்டே கேட்டாள்.

திடீரென்று ஒன்று உறைத்தது. சபையில் ஒரு சாவு என்றால் முதலில் கோயிலில் துட்டி மணி அடிப்பார்கள்.

“மணிச் சத்தம் கேக்கல்லியே மக்ளே?” என்றாள். ஆட்டோ இரைச்சலில் ஆன்சன் காதில் அது விழவில்லை. கல்யாண நாளில் அந்த மணியை அடிக்க யாருக்கு மனசு வரும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பந்தலில் வீடியோக்காரர் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மணப்பெண்ணை அலங்கரிக்க வந்த பியூட்டிஷன், பெட்டியோடு வராந்தாவில் ஒதுங்கி நின்றாள். சுசீலாபாயைக் கண்டதும் எல்லாப் பேச்சும் அடங்கியது.

“நல்ல நாளும் அதுவுமா...” என்று ஆரம்பித்த ஷிபாவின் பெரியம்மை, மீதியைச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஷிபாவின் அப்பா சுவாமிதாஸ் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையை மட்டும் நீட்டி உள்ளறையைக் காட்டினார்.

அதே அறை, அதே கதவு. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலின் ஒரு பக்கம் வெள்ளைப் பட்டுச் சேலை மடிப்புக் கலையாமல் கிடந்தது. வெள்ளைக் கையுறை, தலைக்குப் போடுகிற வலை, பூக்கிரீடம் எல்லாம் வரிசையாக இருந்தன. மறுபக்கம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள் ஷிபா. தலைமுடி தலையணை மேல் கலைந்து கிடந்தது.

சுசீலாபாய் பையை அணைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். அந்த முகத்தைத் திருப்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்தக் கண்களை இனி தன் விரலால் மூடவேண்டுமே என்று நினைத்ததும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

பழக்கம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. முடியை மெல்ல அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, கண்ணீர் மறைக்க மறைக்க, விரலால் சிக்கெடுத்தாள்.

“நோவுதா மக்ளே?”

“இல்ல மாமி... நீங்க வரட்டும்னுதான் இப்பிடியே கெடந்தேன். அம்மைக்குச் சீவின மாதிரியே எனக்கும் சீவி உடுத்தி விடுங்க, கோயிலுக்கு நேரமாச்சு.”