எலியின் பின்வாசல்

வரப்பில் குடியிருந்த ஒரு எலி, தன் வளையின் பின்வாசல் எங்கே இருக்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை. அதில் அதற்கு ஏகப்பட்ட பெருமை. அடைமழையில் தன் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட, நனைந்துகொண்டே வந்து அந்த வழியைக் கேட்ட பக்கத்து வளை மச்சானிடம்கூட, "அதெல்லாம் வெளியே சொல்றதில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒரு மத்தியானம் முன்வாசலுக்கு வெளியே மரியாதையான குரல் ஒன்று கேட்டது.

"வணக்கம் சார். வளைப் பாதுகாப்பு ஆபீஸ்லேருந்து பேசுறோம். உங்க பின்வாசல் விவரம் எங்ககிட்ட இல்ல. இன்னைக்குள்ள சொல்லலேன்னா அதை அடைச்சிடுவோம்."

அதுவரை யாரும் எலியை சார் என்று கூப்பிட்டதில்லை. அது எழுந்து நின்றது.

பக்கத்து வளையிலிருந்து மச்சான் எலி கத்தியது. "மச்சான், அது பாம்பு. இங்கேருந்து வால் தெரியுது."

"ஆபீஸ்காரங்க பேசும்போது குறுக்கே பேசாதே. உனக்குச் சொல்லலேன்னு வயித்தெரிச்சல்" என்றது எலி. பிறகு குரலைத் தணித்து, "ஆவாரஞ்செடிக்கு அடியில சார். காய்ஞ்ச இலையை விலக்கினா தெரியும்" என்றது.

"ரொம்ப நன்றி சார். பாதுகாப்புக்காக முன்வாசலை இறுக்கி அடைச்சிட்டு உள்ளேயே இருங்க."

எலி மண்ணை வாரி வாரி அடைத்தது. முடிக்கும்போது முதுகுக்குப் பின்னால் சருகு சரசரத்தது.

"கரெக்டா வந்துட்டீங்களே சார்" என்றது எலி. "இந்த வழியை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பாம்பு யாரிடமும் சொல்லவில்லை. அதன் வாய் நிறைந்திருந்தது.