எழாத கட்டைகள்

மூன்றாம் நாளாக மழை விடவில்லை. முன்னறையில் பியானோவின் முன்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, சுருதி சேர்ப்பவர் மண்டியிட்டு உள்ளே விளக்கடித்துப் பார்க்கிறார். தனியாக வாழும் ஓய்வுபெற்ற நர்ஸம்மா பக்கத்தில் நிற்கிறாள். மரம் ஈரத்தைக் குடித்து ஊதியதில், அழுத்திய கட்டைகள் எழாமல் அப்படியே படுத்துக் கிடக்கின்றன. "போன மாசந்தானேம்மா சரி பண்ணேன்? ஜன்னல் கின்னல் திறந்து வச்சீங்களா?" "நான் எதுக்குப்பா திறக்கப் போறேன்?" என்கிறாள். மூன்று நாளும் ஜன்னலை விரியத் திறந்துவைத்து, துவைத்த போர்வைகளைப் பியானோ மேலேயே உலரப் போட்டவள் அவள்தான். அவர் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட, வீட்டுக்குள் யாரோ நடமாடுவது போலிருக்கிறது அவளுக்கு. கேட்காமலே இரண்டாவது தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள். அவர் பியானோவின் அடியில் ஈரத்தை உலர்த்தும் சூட்டுக்கம்பி ஒன்றைப் பொருத்திவிட்டு, திருப்தியோடு கையைத் துடைத்துக்கொள்கிறார். "இனிமே ஒரு வருஷத்துக்கு என் தொல்லை உங்களுக்கு இல்லம்மா." அவள் தலையாட்டுகிறாள். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது, எப்படியோ வாசற்கதவை மறைத்துக்கொண்டு நிற்கிறாள். "எதுக்கும் இன்னொரு தடவ எல்லாத்தையும் தட்டிப் பாத்துடுங்க தம்பி. எண்பத்தெட்டு கட்டையில ஒண்ணாவது விட்டுப்போயிருக்கும்."