பல்லி சொன்னால் பலிக்கும்

டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த பல்லி ஒரு சீரியல் பைத்தியம். கதாநாயகி மேகலாவின் கழுத்தில் இன்னும் தாலி ஏறவில்லையே என்று அதற்கு மனசு ஆறவில்லை. அவள் நல்ல வார்த்தை சொல்லும்போது நாம் ஒரு சத்தம் கொடுத்தால் பலித்துவிடுமே என்று காத்துக் கிடந்தது.

அன்று டிவியில் மேகலா, "இந்த முகூர்த்தத்துல என் கல்யாணம் நடந்தே தீரும்!" என்றாள். பல்லியின் வாயிலோ கொசு.

"அண்ணே, என்னைத் துப்பிட்டுச் சொல்லுங்க, நேரம் போகுது!" என்று பதறியது கொசு.

பல்லி துப்பிவிட்டு, "ச்சிக் ச்சிக்" என்றது. அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது: "ஒரே வாரத்தில் கருகரு கூந்தல்!"

"பல்லியே சொல்லிடுச்சு!" என்று வீட்டுக்காரர் வழுக்கையைத் தடவிக்கொண்டே கடைக்கு ஓடினார்.

பல்லி தலையில் அடித்துக்கொண்டது.

"விடுங்கண்ணே," என்றது கொசு. "நாளையிலேருந்து சீரியல் நேரத்துல வாயைக் காலியாவே வெச்சிருங்க."