தவளையின் இதயம்

தலைமையாசிரியைக்கு அந்தக் கையுறை மேல் துளியும் நம்பிக்கை இல்லை.

"கையில மாட்டிக்கிட்டா பாடம் தலையில ஏறிடுமா?" என்றார்.

"திரையில தெரியிற தவளையை நிஜமாவே தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கும் மேடம். இதயம் துடிக்கிறதுகூட விரல்ல தெரியும்," என்றாள் அறிவியல் டீச்சர். இந்தக் கருவிக்காக ஒரு வருஷமாக அவரிடம் நடையாய் நடந்தவள்.

கையுறையைக் கொண்டுவந்திருந்த கம்பெனி இன்ஜினியர் அதை அவருக்கு மாட்டி, விரல் பட்டைகளை இறுக்கினார். தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

"ம், துடிக்குது."

டீச்சரின் முகம் மலர்ந்தது.

"ஆனா ஒழுங்கா துடிக்கலையே. ரெண்டு துடிச்சா ஒண்ணு விட்டுப் போகுது. அப்புறம் அவசரமா ஓடுது. இதை வச்சுப் பிள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லிக் கொடுக்கவா? எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

டீச்சர் இன்ஜினியரை முறைத்தாள். அவர் கையில் பிளக்கோடு விழித்துக்கொண்டு நின்றார்.

"மெஷினை நான் இன்னும் ஆன் பண்ணவே இல்லையே மேடம்."

டீச்சர் அவசரமாகக் கையுறையைக் கழற்றி, தலைமையாசிரியையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி ரெண்டு துடித்தது, ஒன்று விட்டுப் போனது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

பத்து நாள் கழித்து மாத்திரை டப்பாவோடு திரும்பிய தலைமையாசிரியை, முதல் வேலையாக இருபது கையுறைகளுக்கான ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுப் போடலாமே மேடம்," என்றாள் டீச்சர்.

"ஆன் பண்ணாமலேயே என் உயிரைக் காப்பாத்தியிருக்கு. ஆன் பண்ணா அறிவியல் சொல்லித் தராதா?"