செங்கல் சுமந்த பை

அமலதாஸின் பைக்கடைக்கு ஒரே மூட்டையில் வந்து இறங்கிய சாம்பல் நிறப் பைகளில் மூத்ததற்கு, எப்படியாவது கல்லூரிக்குப் போய்விட வேண்டும் என்று ஆசை. வந்த அன்றே அமலதாஸ், சரக்கின் உறுதியைக் காட்ட, அதற்குள் செங்கற்களை அடுக்கி வாசலில் மாட்டினார்.

"வலிக்கலையாண்ணே?" என்று அலமாரியில் மடித்து வைத்திருந்த தம்பிப் பை கேட்டது.

"தாங்கிக் காட்டினாத்தான்டா யாராவது கூட்டிட்டுப் போவாங்க" என்று தையலை இறுக்கிக்கொண்டது மூத்த பை.

வந்தவர்கள் எல்லோரும் அதன் வாரை இழுத்துப் பார்த்து அசந்துபோனார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அலமாரியிலிருந்து வேறொரு பைதான் கிளம்பிப் போனது. அடுத்த முறை நம்மைத்தான் என்று அது தேற்றிக்கொண்டது.

ஒருநாள் சட்டக் கல்லூரிப் பெண் ஒருத்தி, வார் அறுந்த பழைய பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். உள்ளே லேப்டாப்பும் தடித்தடியான புத்தகங்களும் இருந்தன. தொங்கிய பையைத் தடவிப் பார்த்து, "இதையே குடுங்கண்ணே" என்றாள்.

பைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அது கல்லு சுமந்து அடி தேஞ்சு போச்சும்மா. அதே சரக்குல புதுசு தர்றேன்" என்றார் அமலதாஸ்.

தம்பிப் பை அவள் முதுகில் ஏறிக்கொண்டது. "போயிட்டு வர்றேண்ணே. உங்களாலதான் எங்களுக்கு மதிப்பு" என்றது.

மூத்த பை மறுபடி தையலை இறுக்கிக்கொண்டது. அடுத்து வந்தவர் அதன் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.