வெளித்தாழ்

ஆல்ப்ஸ் மலைமுகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சிவப்புத் தகரக் குடிலுக்குக் காவலாள் கிடையாது. தங்குகிறவர் பதிவேட்டில் எழுதிவிட்டு, காலையில் வெளித்தாழைப் போட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். சாயங்கால வெளிச்சம் பனியில் நீலமாக இறங்குகிறது. சற்றுமுன் வந்து சேர்ந்த மிலான்காரர், பெயர் துல்லியோ என்றார், மதியமே இங்கே வந்துவிட்ட நான் கொடுத்த சூப்பைக் குடித்துக்கொண்டே பதிவேட்டைப் புரட்டுகிறார். "ஆறு வருஷம் முன்னாடி நான் எழுதினது இதுல இருக்கணும், மேடம்... இதோ பாருங்க!" விரல் வைத்து வாசிக்கிறார்: "அருமையான இரவு. எல்லாவற்றையும் ஒழுங்காக விட்டுச் செல்கிறேன். துல்லியோ." நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் அவர் சிரிப்பு பளபளக்கிறது. அந்தப் பெயரை ஆறு வருடமாக மென்றுகொண்டிருக்கும் என் பல் கூசுகிறது. "அடுத்த பக்கத்தையும் வாசிங்களேன்," என்கிறேன். திருப்புகிறார். மீட்புக் குழுவின் அவசரக் கையெழுத்து. "தாழ் போடப்படவில்லை. காற்றில் கதவு திறந்து, உள்ளே கூரைவரை பனி இறுகிக் கிடந்தது. வாசலில் ஒருவர், உறைந்து..." கரண்டி கிண்ணத்துக்குள் நழுவுகிறது. "அந்த ஒருத்தன் என் தம்பி. ரெமோன்னு பேரு. பனிப்புயல்ல ஒதுங்க வந்தவன், உள்ள போக வெறுங்கையாலயே தோண்டிப் பாத்திருக்கான்." எழுந்துபோய்க் கதவை விரியத் திறக்கிறேன். பனித்தூள் சீறிக்கொண்டு வந்து அவருடைய படுக்கையில் விழுகிறது. "சாத்துங்க... தயவுசெஞ்சு கதவைச் சாத்துங்க." "அடடா, கதவைச் சாத்துற பழக்கம் உங்களுக்கு எப்ப வந்துச்சு?" அவர் தலை குனிகிறது. திறந்த கதவில் முதுகைச் சாய்த்து நிற்கிறேன். எனக்குக் குளிரவில்லை. விடிய இன்னும் பதின்மூன்று மணி நேரம் இருக்கிறது.